எதற்குப் பிரமாணிக்கம்?

‘ஹை-ஃபிடெலிட்டி’ என்னும் ஆங்கிலத் தொடர் ‘ஹை-ஃபை’ எனச் சுருங்கி நம் கடைத்தெருப் பலகைகளில் ஏறி நெடுங்காலம் ஆகிவிட்டது. அதன் பொருளை எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ‘ஃபிடெலிட்டி’ என்பது, திருமண நாளில் மணமக்கள் ஒருவருக்கொருவர் வாக்களிக்கும் பிரமாணிக்கமே. ஓர் ஒலிக்கருவி பிரமாணிக்கமானது என்றால், பாடியவர் பாடியவாறே, வாசித்தவர் வாசித்தவாறே, கூட்டாமலும் குறைக்காமலும் நம் செவியில் கொண்டுவந்து சேர்க்கிறது என்று பொருள். 1930களிலேயே வானொலிப் பெட்டி விற்றோர் இச்சொல்லைக் கையாளத் தொடங்கிவிட்டனர். விளம்பரத்துக்குள் நுழைந்த எத்தனையோ நல்ல சொற்கள் பொருளிழந்து போயின. இது மட்டும் இன்னும் நம்மைக் கேள்வி கேட்கும் வலிமையோடு நிற்கிறது.

இன்று பல இல்லங்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். சுவரில் தட்டையான தொலைக்காட்சி, கையில் உலகத்துப் பாடல்களையெல்லாம் வரவழைக்கும் செல்பேசி. இவற்றுக்கு நடுவே பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டிய ஒரு ரெக்கார்டு பிளேயர், அல்லது தந்தையார் காலத்து ஆம்ப்ளிஃபையர். பழையதும் புதியதும் கம்பிகளால் இணைந்து ஒன்றாய்ப் பாடுகின்றன. வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று சிலர் இதைத் தள்ளிவிடுவர். வசதி படைத்தோர் ஆடம்பரம் என்று சிலர் கடிந்துகொள்வர். இரண்டிலும் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இதனுள்ளே ஓர் அறவினா ஒளிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பழைய கருவியைக் காத்து வைத்திருக்கும் நாம் எதற்குப் பிரமாணிக்கமாயிருக்கிறோம்? கருவிக்கா, அதன் வழியே ஒலிக்கும் குரலுக்கா, அதை வாங்கி வைத்தவரின் நினைவுக்கா, அல்லது இன்று நம்மோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோருக்கா? இந்த நான்கும் ஒன்றே என்று எண்ணிக்கொள்வது எளிது. அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடங்கள் பல உண்டு.

முதலில் இந்த இணைப்பு எத்தகையது என்று பார்ப்போம். இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் ஒன்று தருவது 2 வோல்ட், அதாவது 400 மடங்கு. இது மட்டுமன்று. தட்டைச் செதுக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியுமே பதிவு செய்கின்றனர். இல்லையேல் தாழ்ந்த ஒலியின் அகன்ற அலைவு பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். மெல்லிய உயர் ஒலிகளோ தட்டின் இரைச்சலில் மூழ்கிப்போகும். கேட்கும்போது இதை நேர்மாறாகத் திருத்திக்கொள்ள வேண்டும். 1950களின் நடுவில் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் கூட்டமைப்பு இதற்கென ஓர் அளவை வகுத்தது. அதுவே பின்னர் உலகப் பொதுவழக்காயிற்று. பழைய ஆம்ப்ளிஃபையர்களின் பின்புறத்தில் ‘ஃபோனோ’ என்று குறித்த துளைக்குள் இந்தத் திருத்தம் அடங்கியிருந்தது. இன்றைய கருவிகள் பலவற்றில் அந்தத் துளை இல்லை. இதை அறியாமல் நேரே இணைத்தவர், யாரோ தகர டப்பாவுக்குள்ளிருந்து மெல்லப் பாடுவது போன்ற ஒலியைக் கேட்டு, தட்டுக் கெட்டுவிட்டதென முடிவு செய்துவிடுகிறார். இடையில் ‘ஃபோனோ பிரீஆம்ப்’ எனப்படும் சிறு பெட்டி ஒன்றை வைத்திருந்தால் தட்டின் குரல் தெளிவாகக் கேட்டிருக்கும்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. பழைய ஆம்ப்ளிஃபையர் பலவற்றுக்கு முழு ஒலி எழுப்ப 150 அல்லது 200 மில்லிவோல்ட் போதும். இன்றைய கருவி தரும் 2 வோல்ட்டை அதனுள் செலுத்தினால், ஒலிக்குமிழை ஓர் இழை திருப்புவதற்குள் வீடே அதிர்கிறது. தணிந்த குரலில் பேசுவோரிடையே வாழ்ந்து பழகிய முதியவரின் காதருகே கத்துவது போன்றது அது. இடையே ஒரு தடையைச் சேர்த்து அழுத்தத்தைக் குறைத்துத் தர வேண்டும். ஸ்பீக்கரிலும் இத்தகைய பொருத்தம் பார்க்க வேண்டியுள்ளது. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர் 1940களில் உருவாக்கிய கொம்பு வடிவ ஸ்பீக்கர், 1 வாட் மின்திறனில் 1 மீட்டர் தொலைவில் 100 டெசிபெலுக்கும் மேலாக ஒலித்தது. இன்று அலமாரியில் வைக்கும் சிறு ஸ்பீக்கர்கள் பல 85 டெசிபெல் அளவே தருகின்றன. அந்த 15 டெசிபெல் வேறுபாட்டை ஈடுசெய்ய ஏறத்தாழ 30 மடங்கு மின்திறன் வேண்டும். ஆகவே 10 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையரைப் புதிய சிறு ஸ்பீக்கரோடு மாட்டிவிட்டு, பழைய சரக்கு வலுவற்றது என்று குறைகூறுவது நியாயமன்று. அதற்கு உரிய துணையை நாம் கொடுக்கவில்லை. சம்பந்தம் பேசுவோர் இரு வீட்டாரையும் விசாரிப்பது போல இங்கும் விசாரிக்க வேண்டும். (ஜப்பான் உள்நாட்டுக்கென 100 வோல்ட்டில் இயங்குமாறு செய்த கருவியை நம் 230 வோல்ட்டில் நேரே சொருகுவோருக்கு எந்த விசாரணையும் தேவைப்படாது. புகையே சொல்லிவிடும்.)

இத்தனை பாடுபட்டும் பழைய கருவி மேலான ஒலியைத் தருகிறதா? நாம் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. இதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று உண்டு. பீட்டர் வாக்கர் என்பவர் 1936-இல் தொடங்கிய நிறுவனம் ஹண்டிங்டன் என்னும் சிற்றூரில் ‘குவாட்’ என்ற பெயரில் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து வந்தது. 1953-இல் அது வெளியிட்ட ‘குவாட் 2’ வால்வுகளால் இயங்குவது, 15 வாட் திறனுடையது. இன்று ஆர்வலர் தேடித் தேடி வாங்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. 1967-இல் டிரான்சிஸ்டரில் இயங்கும் ‘303’ வந்தது. 1975-இல் ‘405’ வந்தது. 1978-இல் ஜேம்ஸ் மோயர் என்னும் ஒலியியல் பொறியாளர், கேட்டுப் பழகிய செவிகளை உடையோர் முன்னிலையில், எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் இம்மூன்றையும் ஒப்பிட்டுச் சோதித்தார். அதன் முடிவு ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளிவந்தது. கருவிகளின் ஆற்றல் எல்லையை மீறாதவரை, எது வால்வு, எது டிரான்சிஸ்டர் என்று எவராலும் உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை.

பழங்கருவிகளை நேசிப்போர்க்கு இச்செய்தி கசக்கும். எனினும் இதில் அவர்கள் பெருமை கொள்ளவும் இடமிருக்கிறது. 22 ஆண்டு மூத்த கருவி தன் பேரப்பிள்ளையோடு சமமாய் நின்றது அன்றோ! வாக்கர் தாமே வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்கு மாறியவர். நாம் போற்றிப் பாதுகாக்கும் பொருளை, அதைப் படைத்தவர் அவ்வளவு இறுகப் பற்றிக்கொள்ளவில்லை. அவர் கண் கருவியின் மீதன்று, அதன் வழியே வர வேண்டிய இசையின் மீதே இருந்தது.

வால்வு ஒலியில் ஓர் இனிமை உண்டு என்று சிலர் சொல்வதும் முற்றிலும் கற்பனையன்று. சில வகை வால்வு ஆம்ப்ளிஃபையர்கள், இயல்பான ஒலியோடு அதன் இருமடங்கு அதிர்வெண் கொண்ட ஒலியையும் சிறிதளவு கலந்து தருகின்றன. செவிக்கு அது இதமாயிருக்கிறது. அது கருவி தன் பங்கிற்குச் சேர்த்த சர்க்கரை. விரும்பியவர் சேர்த்துக்கொள்ளட்டும், குற்றமில்லை. ஆனால் முகத்துதிக்கு உண்மை என்று பெயரிட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

இனி, கருவியின் மீதுள்ள பற்று குரலுக்கே கேடாய் முடியும் இடத்துக்கு வருவோம். கைச்சாவி சுழற்றி இயக்கும் பழைய கிராமஃபோனின் தலைப்பகுதி 100 கிராமுக்கும் மேலான எடையோடு தட்டின் மீது அழுந்தியது. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டியிருந்தது. அரக்கால் ஆன 78 சுற்றுத் தட்டு அதைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. 1948-இல் வந்த நெடுநேரத் தட்டோ மெல்லிய வினைல். அதற்கு இன்று 2 கிராம் அளவு அழுத்தமே வைக்கிறோம். 1958 முதல் பரவிய ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு வேறு ஒலிகள் எழுதப்பட்டுள்ளன. ஊசி பக்கவாட்டில் மட்டுமின்றி மேலும் கீழும் அசைந்து கொடுக்க வேண்டும். அதற்கு முந்திய மோனோ கருவிகள் பலவற்றின் ஊசி மேலும் கீழும் இளகாது. அத்தகைய கருவியில் ஸ்டீரியோ தட்டை வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒலியில் ஒரு பகுதி தூளாய்ப் பறக்கிறது. அடுத்த முறை கேட்பது முன்பு கேட்டதினும் குறைந்ததே.

தாத்தாவின் பெட்டி, அதில்தான் கேட்பேன் என்று சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால் தாத்தா அந்தப் பெட்டியை எதற்காக வாங்கினார்? தாம் நேசித்த பாடகரின் குரலைக் கேட்பதற்காக. அந்தக் குரலைச் சுரண்டித் தின்னும் பெட்டிக்கு நாம் காட்டும் விசுவாசம் தாத்தாவுக்குக் காட்டும் விசுவாசமாகாது. கல்கத்தாவின் சியால்தாவில் 1908-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து நம் நாட்டுக் கலைஞர் பலரின் தட்டுகள் வெளிவந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு மூலப்பதிவும் இல்லை, மறுபதிப்பும் இல்லை. ஒரு வீட்டு அலமாரியில் எஞ்சியிருக்கும் தட்டே அக்குரலின் கடைசி இருப்பிடமாயிருக்கக்கூடும். அதைப் பழைய பெட்டியில் ஓட்டி இன்புறுவதைவிட, 78 சுற்றுக்கென்றே அமைந்த அகன்ற முனையுள்ள ஊசியைப் புதிய ரெக்கார்டு பிளேயரில் பொருத்தி, ஒருமுறை கேட்டு, கணினியில் பதிந்து வைப்பது மேல். இங்கே புதுமையே பழமையைக் காக்கிறது. பெட்டி ஓய்வு பெறட்டும். கூடத்தின் மூலையில் மரியாதையோடு அமர்ந்திருக்கட்டும்.

பழுது பார்த்தலைப் பற்றியும் ஒரு வழக்கு நெடுநாளாய் நடக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபையரில் முதலில் தளர்வது, தொழில் செய்வோர் கண்டென்சர் என்று அழைக்கும் மின்தேக்கி. உள்ளிருக்கும் ஈரம் உலர்ந்து அது செயலிழக்கிறது. ஸ்பீக்கரில் ஓயாத உறுமல் எழுகிறது. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் 20 ஆண்டுகளுக்குள் பொடிந்துவிடுவதுண்டு. ரெக்கார்டு பிளேயரின் ரப்பர் பெல்ட் இழுபட்டுத் தளர்கிறது. இவற்றையெல்லாம் மாற்றலாமா? கூடாது என்பர் சேகரிப்போர் சிலர். மூலப்பொருள் மாறினால் அதன் மதிப்புப் போய்விடும் என்பது அவர்கள் வாதம். கண்டென்சர்களை மாற்றி, வால்வுகளை மாற்றி, கம்பிகளையும் மாற்றிய பின் அது அதே கருவிதானா என்றும் வினவுவர்.

நம் ஊர்ப்புறத்தில் ஓலைக்கூரை வீடுகளுக்கு அவ்வப்போது புதிய கூரை வேய்வார்கள். பத்து முறை வேய்ந்த பின் பழைய ஓலை ஒன்றும் எஞ்சுவதில்லை. இது பாட்டன் வீடன்று என்று ஒருவரும் சொன்னதில்லை. வேயாமல் விட்டிருந்தாலன்றோ அது பாட்டன் வீடாக நின்றிராது! வீட்டின் வேலை குடியிருக்க இடம் தருவது. அதுபோல ஆம்ப்ளிஃபையரின் வேலை பாடுவது. மூலக் கண்டென்சர்களோடு ஊமையாய்க் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கருவியைக் காட்டிலும், ரிச்சி தெருவில் வாங்கிய புதிய கண்டென்சர்களோடு மாலைதோறும் பாடும் கருவியே தன்னைச் செய்தவருக்கு உண்மையாயிருக்கிறது என்பது நம் துணிபு. அருங்காட்சியகத்துக்கு உரிய அரும்பொருள்கள் வேறு, அவற்றின் நியாயமும் வேறு. ஆனால் வீடு அருங்காட்சியகமன்று.

பழைய பெட்டிகளைத் திறந்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். உட்புறப் பலகையிலோ கூடவந்த கையேட்டிலோ மின்சுற்றின் வரைபடம் முழுவதும் அச்சிட்டிருக்கும். இது ஒருநாள் கெடும், யாரோ ஒருவர் இதைத் திறப்பார், அவருக்கு இது உதவட்டும் என்று செய்தவர் எண்ணியிருக்கிறார். முகமறியாத ஒரு தொழிலாளியின் மீது வைத்த நம்பிக்கை அது. இன்றைய கருவிகள் பல பசையிட்டு மூடப்படுகின்றன. இணையத்தோடு பிணைந்த ஸ்பீக்கர், அதன் நிறுவனம் மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்தியதும், உடலில் ஒரு குறையுமின்றியே பயனற்றுப்போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கென 2024-இல் ஒரு நெறிமுறையை இயற்ற வேண்டி வந்ததென்றால், கைவிட்டுப்போன ஒன்றைச் சட்டத்தால் மீட்க முயல்கிறோம் என்றே கொள்ள வேண்டும். பழைய கருவியை வீட்டில் வைத்திருப்போர் குனிந்து ஈயப்பற்று வைக்கும் ஒரு கைவினைஞரின் அடுப்பையும் எரிய வைக்கிறார்கள். (வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தாமே திறந்து பார்க்கும் ஆவலை மட்டும் அடக்கிக்கொள்வது நல்லது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் 300, 400 வோல்ட் மின்சாரம் அதனுள் தங்கியிருந்து உயிரைப் பறிக்க வல்லது.)

கடைசியாகச் சொல்ல வேண்டியது, வீட்டாரைப் பற்றியது. நாம் அறிந்த தூத்துக்குடிக் குடும்பம் ஒன்றில் தந்தை கப்பலில் பணியாற்றியவர். 1970களின் பிற்பகுதியில் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் இரு பெரிய ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்தார். நடுக்கூடத்தில் வைத்தார். ஸ்பீக்கர் ஒன்று சாமிப்படத்தின் கீழும், மற்றொன்று கதவுக்குப் பின்னும் நின்றன. ஸ்டீரியோ இலக்கணப்படி அது பெரும்பிழை. ஆனால் பாட்டு, முற்றத்தில் மீன்வலை பின்னுபவருக்கும் கேட்டது, அடுப்படியில் இருந்த அம்மாவுக்கும் கேட்டது.

தந்தை மறைந்து பல ஆண்டுகள் கழித்து மகன் அக்கருவியை மீட்டெடுத்தார். கண்டென்சர்களை மாற்றினார், கரகரத்த ஒலிக்குமிழைத் துடைத்தார், செல்பேசியிலிருந்து பாடல் பெறுவதற்கு ஒரு சிறு பெட்டியையும் இணைத்தார். குறை சொல்ல முடியாத வேலை. பின்பு அதனை மாடி அறைக்கு ஏற்றினார். அங்கே இரு ஸ்பீக்கர்களும் ஒரு நாற்காலியும் சமபக்க முக்கோணமாய் அமைந்தன.

இந்த முக்கோணத்தின் வரலாறு சுவையானது. ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் ஸ்டீரியோ முறைக்கு 1931-இல் காப்புரிமை கோரினார். திரைப்படம் பார்க்கையில், நடிகர் திரையின் ஓரத்தில் நடக்க அவர் குரலோ வேறோர் இடத்திலிருந்து வந்தது அவரைத் தூண்டியது என்பர். ஆளிருக்கும் இடத்திலிருந்தே குரலும் வர வேண்டும் என்பது நல்ல விருப்பந்தான். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. இரு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில் அமர்ந்தவருக்கே அந்தக் காட்சி முழுமையாய்த் தெரியும். அரையடி நகர்ந்தாலும் பாடகர் பக்கத்து ஸ்பீக்கருக்குள் போய் ஒளிந்துகொள்கிறார். உயர்ந்த ஸ்டீரியோ அமைப்பு ஒவ்வொன்றிலும் சிறந்த இருக்கை ஒன்றே ஒன்றுதான்.

அந்த இருக்கையில் மகன் அமர்ந்தார். அவர் அடைந்த இன்பம் பொய்யன்று. தனிமையில் கண்மூடி முழுக் கவனத்தோடு கேட்பதும் ஓர் உயர்ந்த செயலே, அதைப் பழிக்க நமக்கு மனமில்லை. ஆனால் பிள்ளைகள் அறைக்குள் வரத் தடை. மனைவி வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பினார். தந்தையின் நினைவைப் போற்றிச் செய்த வேலை, தந்தை அக்கருவியைக் கொண்டு செய்ததற்கு நேர் எதிராய் அமைந்துவிட்டது. அம்மாவை ஒருநாள் மாடிக்கு அழைத்து நாற்காலியில் அமர்த்திக் கேட்கச் செய்தார். அம்மா பொறுமையாக ஒரு பாடல் முழுவதும் கேட்டார். நன்றாயிருக்கிறது என்றார். பிறகு, “எனக்கு அடுப்படியில கேட்டாப் போதும்ப்பா. அப்பா இருக்கும்போது கேட்கும்லா?” என்றார்.

மகன் கருவியை விட்டுக்கொடுக்கவில்லை, நாற்காலியையும் எடுத்துவிடவில்லை. அக்காலத்து ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றின் முகப்பில் ‘ஏ’, ‘பி’ என்று இரு பொத்தான்கள் உண்டு. முதல் இணை ஸ்பீக்கர் ஓர் அறைக்கு, இரண்டாவது இணை வேறோர் அறைக்கு என்பது ஏற்பாடு. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அந்த ‘பி’ பொத்தானை அவ்வீட்டில் ஒருவரும் அழுத்தியதில்லை. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு இணைகளை ஒருங்கே ஓட்டினால் ஆம்ப்ளிஃபையர் உணரும் தடை 4 ஓம் ஆகக் குறையும். அதனை அது தாங்குமா என்று பின்புறக் குறிப்பில் பார்த்து உறுதி செய்துகொண்டார். மாடியிலிருந்து படிக்கட்டுச் சுவரோரமாய்க் கம்பி இறக்கி, அடுப்படி அலமாரியின் மேல் சிறு ஸ்பீக்கர் இரண்டை வைத்தார். இரண்டும் அருகருகே ஒட்டியிருக்கின்றன. அங்கே ஸ்டீரியோ என்று சொல்ல ஒன்றுமில்லை. மாலையில் பாட்டு தொடங்கியதும் பிள்ளைகள் அங்கேதான் கூடுகிறார்கள். குக்கரில் இது இரண்டாவது விசிலா மூன்றாவதா என்று தெரியாமல், பாட்டைச் சற்றுக் குறைக்கும்படி அம்மா மாடியை நோக்கிக் குரல் கொடுப்பதும் உண்டு.